அமெரிக்க சேனல்களின் ஓடிடி வெளிநாட்டில் நிற்குமா? (பாரமவுண்ட் பிளஸ், ஹுலு, பீகாக்)

#1 ஆன்டெனா

பாரமவுண்ட் பிளஸ் பற்றி நாலு இழையில் துண்டு துண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிடலாம்.

தெரியாதவர்களுக்குப் பின்னணி: சிபிஎஸ் சேனல் 2014 அக்டோபரில் ‘சிபிஎஸ் ஆல் ஆக்சஸ்’ சேவையை மாதம் 5.99 டாலருக்கு ஆரம்பித்தது. 2018 ஏப்ரலில் கனடா, டிசம்பரில் ஆஸ்திரேலியா. பாரமவுண்ட் ஸ்டுடியோவை வைத்திருந்த வயாகாம் கம்பெனியுடன் மறுபடி சேர்ந்த பிறகு, 2021 மார்ச் 4 அன்று பெயர் பாரமவுண்ட் பிளஸ் ஆனது. 2022-ல் பிரிட்டன், தென் கொரியா, இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி என்று ஒரே வருஷத்தில் ஓட்டமாக ஓடினார்கள். 2025 நடுவில் உலகம் முழுக்க 7.77 கோடி சந்தா.

என் சந்தேகம் அந்த எண்ணிக்கையைப் பற்றி இல்லை. நெட்பிளிக்ஸ் தான் எடுக்கும் தொடர்களைப் பெரும்பாலும் எல்லா நாட்டுக்கும் சேர்த்தே கையில் வைத்துக்கொள்கிறது. சேனல்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, நாடு நாடாக விற்றுத்தான் பிழைத்தார்கள். இத்தனை நாள் சரக்கு கொடுத்தவர், வாங்கியவருக்கு எதிரிலேயே கடை போட்டால் அங்கே எதை விற்பார்?

#2 ஒப்பந்தக்காரர்

ஆன்டெனா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ கதையைப் பார்த்தாலே போதும்.

2017 செப்டம்பரில் அது வந்தபோது அமெரிக்காவில் ஆல் ஆக்சஸில் மட்டும். கனடாவில் பெல் மீடியா. மற்ற 188 நாடுகளுக்கு நெட்பிளிக்ஸ். நெட்பிளிக்ஸ் கொடுத்த பணமே தயாரிப்புச் செலவில் பெரும்பங்கை அடைத்துவிட்டது, அன்றைக்கு அது கெட்டிக்கார வியாபாரம்தான். ஆனால் அடுத்த வருஷம் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தச் சேவை திறந்தபோது, அமெரிக்காவில் ஆள் சேர்த்த அதே தொடர் அங்கே இல்லை. 2020-ல் இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான ‘பிகார்ட்’ வந்தது; அதையும் வெளிநாட்டில் அமேசானுக்கு விற்றிருந்தார்கள்.

“காலாவதி ஆனதும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று யாராவது கேட்பார்கள். அவ்வளவு லேசில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வரி இருக்கும்: எந்த மொழி, இலவச டிவியா கட்டண டிவியா சந்தா ஓடிடியா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வாங்கியவருக்கு மட்டுமேயான உரிமையா இல்லையா. அதோடு ஹோல்ட்பேக். அதாவது நான் ஒளிபரப்பி இத்தனை மாதம் வரை நீ வேறு எங்கும் போடக்கூடாது என்று வாங்கியவர் போட்ட பூட்டு. பழைய ஒப்பந்தங்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. முதல் சீசனை வாங்கியவருக்குத் தொடர் முடியும் வரை எல்லா சீசனும் சேரும். பத்து வருஷம் ஓடும் குற்றப் புலனாய்வுத் தொடர் என்றால் பத்து வருஷமும் உள்ளூர் சேனலிடம்தான். சிபிஎஸ்ஸின் பலமே அந்த ரகத் தொடர்கள் என்பதை மறக்காதீர்கள்.

பூட்டை உடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2021 நவம்பர் 16 அன்று, நான்காம் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, வெளிநாட்டு உரிமையை நெட்பிளிக்ஸிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டதாக அறிவித்தார்கள். பழைய மூன்று சீசனும் கையோடு போயிற்று. பாரமவுண்ட் பிளஸ்ஸோ அப்போது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்னும் திறக்கவே இல்லை! பணம் கொடுத்துப் பார்க்கத் தயாராக இருந்தவனுக்குப் பார்க்க இடமில்லை. ரசிகர்கள் கொதித்ததும், சில நாளில் தங்கள் இலவச ஓடிடியான புளூட்டோ டிவியில் போட்டுச் சமாளித்தார்கள். உரிமை கைக்கு வரும் தேதியும் சேவை திறக்கும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் இப்படித்தான்.

#3 ரிமோட்_ராஜா

இதுல பெரிய கூத்து ‘யெல்லோஸ்டோன்’ தொடர்தான். பாரமவுண்ட் கம்பெனியோட சொந்தச் சரக்கு. ஆனா அமெரிக்காவுல அதோட ஓடிடி உரிமை 2020-லேயே என்பிசி கம்பெனியோட ஓடிடியான பீகாக்குக்குப் போயிடுச்சு. வெளிநாட்டுல பல இடத்துல பாரமவுண்ட் பிளஸ்ல இருக்கு. சொந்த ஊர்ல இல்லாத தலைப்பு அசலூர்ல இருக்கு, அசலூர்ல இல்லாதது சொந்த ஊர்ல இருக்கு. இதை எந்த விளம்பரத்துல போட்டு விளக்குவாங்க?

#4 பிரேம்ரேட்

உரிமை கைக்கு வந்தபிறகும் வேலை முடிவதில்லை. டப்பிங் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் நாலிலும் பொதுமக்கள் டப்பிங்கில்தான் பார்ப்பார்கள். பதினைந்து வருஷத்துத் தொடருக்கு டப்பிங் ஏற்கனவே இருக்கும். ஆனால் பல சமயம் அதைச் செய்யவைத்துப் பணம் போட்டது அந்த ஊர் சேனல், எனவே ஆடியோ அவர்களுடைய சொத்து. படத்தின் உரிமை உங்களிடம், குரலின் உரிமை போட்டியாளரிடம். அவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது புதிதாக டப் செய்ய வேண்டும். புதிதாகச் செய்தால் பழகிய குரல் மாறிவிட்டது என்று ஜெர்மன் பார்வையாளர் விடமாட்டார்.

வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். அமெரிக்க நாடகத் தொடரின் மாஸ்டர் (மூலப் பிரதி) நொடிக்கு 23.976 பிரேம் (படச்சட்டம்). ஐரோப்பிய டிவி 25 பிரேம். அந்தக் காலத்தில் படத்தை அப்படியே 25-க்கு ஓட்டி, அதற்கேற்ப டப்பிங் கலந்து கொடுத்தார்கள். 42 நிமிட எபிசோடு அங்கே 40 நிமிடம் 17 நொடியில் முடிந்துவிடும். இப்போது அந்த ஆடியோவை 23.976 மாஸ்டர் மேல் அப்படியே வைத்தால் கடைசியில் 1 நிமிடம் 43 நொடி வித்தியாசம். ஆடியோவை 4.27 சதவீதம் இழுத்து, சுருதியையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சில பட்டியலில் வேகத்தை மட்டும் மாற்றிச் சுருதியை விட்டுவிடுவார்கள், எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்கும்.

அதோடு முடியாது. விளம்பர இடைவெளிக்கு விட்ட கறுப்புத் திரை அமெரிக்க மாஸ்டரில் அரை நொடி, உள்ளூர் பிரதியில் இரண்டு நொடி என்று இருக்கும். ‘முன்கதை’ ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. எனவே ஒரே கணக்கில் இழுத்தால் முதல் பகுதி பொருந்தி, மூன்றாம் பகுதியில் உதடு விலகும். ஒவ்வொரு பகுதியாக வெட்டி ஒட்டுவதுதான் வழி. வருஷத்துக்கு 22 எபிசோடு, 15 சீசன் என்றால் 330 எபிசோடு. ஒரே ஒரு தொடருக்கு, ஒரே ஒரு மொழிக்கு!

பழைய எபிசோடில் ஓடும் பாட்டுகள் வேறு. அமெரிக்க ஒளிபரப்புக்கு மட்டும், இத்தனை வருஷத்துக்கு மட்டும் என்று அனுமதி வாங்கியிருந்தால், வெளிநாட்டு ஓடிடிக்குப் பாட்டை எடுத்துவிட்டு வேறு இசை போட வேண்டும். அப்போது டப்பிங் கலவையையும் மறுபடி திறக்க வேண்டும். வசனம் தனி, இசை தனி என்று டிராக் பிரித்து வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

#5 சந்தாக்கணக்கு

எல்லாம் சரியாக அமைந்தாலும் காசு நிற்குமா என்று பாருங்கள். பிரிட்டனில் 2022 ஜூன் 22 அன்று திறந்தபோது விலை 6.99 பவுண்டு. 20% வாட் வரி போனால் 5.82. ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்த ஆள் என்றால் முதல் வருஷம் 30% கமிஷன் போய்க் கையில் 4.08. மாதம் நூற்றுக்குப் பத்துப் பேர் விலகினால் ஒரு ஆள் சராசரியாகப் பத்து மாதம் இருப்பார். ஆக ஒரு ஆளால் வரும் மொத்த வருமானம் சுமார் 41 பவுண்டு. விளம்பரம், முதல் வார இலவசம், சர்வர், எபிசோடு செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலகல் பாதியானால் அதே ஆள் 80 பவுண்டுக்கு மேல் தருவார். ஒரு தொடருக்காக வந்து, பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் இந்த மாதிரி சேவையைக் கொல்கிறார்கள்.

அதனால்தான் கட்டுச் சந்தா, அதாவது வேறொரு சேவையோடு சேர்த்துக் கட்டி விற்பது. பிரிட்டனில் ஸ்கை கட்டண டிவியின் ஸ்கை சினிமா வாங்கினால் பாரமவுண்ட் பிளஸ் கூடவே வரும் என்று வைத்தார்கள். கொரியாவில் 2022 ஜூனில் தனி ஆப்பே போடாமல் உள்ளூர் ஓடிடியான டிவிங் சேவைக்குள் ஒரு பகுதியாக நுழைந்தார்கள். எண்ணிக்கை மளமளவென்று ஏறும், ஆனால் ஆளுக்கு வருவது சொற்பம். அவர் ஒரு எபிசோடாவது பார்த்தாரா என்பது வேறு கேள்வி.

2024 இரண்டாம் காலாண்டில் கொரிய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியதும் உலக எண்ணிக்கை 28 லட்சம் குறைந்தது. 2025-ல் இன்னொரு வெளிநாட்டுக் கட்டு ஒப்பந்தம் முடிந்தபோது 7.9 கோடி 7.77 கோடி ஆனது. ஒரே கையெழுத்தில் ஏறி ஒரே கையெழுத்தில் இறங்கும் சந்தாவைச் சந்தா என்று எண்ணுவதே எனக்கு ஒப்பவில்லை. 7.77 கோடியை வைத்து “ஜெயித்தாச்சு” என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

#6 ஆன்டெனா

அப்படியானால் நேரடியாக விற்றாலும் கஷ்டம், உள்ளூர்க்காரரோடு கட்டினாலும் கஷ்டம். ஜெயித்த உதாரணம் ஒன்றுகூட இல்லையா?

#7 யமனோதே

இருக்கு, ஆனா கைமாறின பிறகு ஜெயிச்சது. ஜப்பான் ஹுலு.

அப்போ ஹுலு என்பிசி, ஃபாக்ஸ், டிஸ்னி மூணு பேருக்கும் பங்கு இருந்த கம்பெனி. 2011 செப்டம்பர்ல ஜப்பான்ல திறந்தாங்க, மாசம் 1,480 யென். அமெரிக்காவுல அப்போ 7.99 டாலர், அன்னைய மாற்று விலைக்கு ஜப்பான்காரன் ரெண்டு மடங்குக்கும் மேல கொடுத்தான். பெரும்பாலும் ஹாலிவுட் படம், அமெரிக்கத் தொடர். ஏழு மாசத்துல, 2012 ஏப்ரல்ல 980 யென்னுக்கு இறக்கிட்டாங்க. 2014-ல ஜப்பான் வியாபாரத்தை அந்த ஊர் சேனல் நிப்பான் டிவிக்கு வித்துட்டு வெளியே வந்துட்டாங்க.

வாங்கினவங்க என்ன செஞ்சாங்கங்கிறதுதான் விஷயம். பெயரை மாத்தலை, விலையை ஏத்தலை. தங்களோட டிவி நாடகம், அனிமே, நகைச்சுவை நிகழ்ச்சி எல்லாத்தையும் கொட்டினாங்க. டிவில நாடகம் முடிஞ்ச கையோட கிளைக்கதை ஹுலுல மட்டும் வரும். டிவி பார்க்கிறவனை அப்படியே ஆப்புக்குக் கூட்டிட்டு வர்ற வழி அது. 2015-ல நெட்பிளிக்ஸ் ஜப்பானுக்கு வர்றதுக்கு முன்னாடியே 10 லட்சம் சந்தா தாண்டிருச்சு.

இடையில சறுக்கலும் உண்டு. 2017 மே மாசம் அமெரிக்கத் தொழில்நுட்பத்திலேர்ந்து பிரிஞ்சு சொந்தத் தளத்துக்கு மாறினப்போ இணைய முகவரியே மாறிடுச்சு. ஹெச்டிசிபிங்கிற நகல் தடுப்புப் பாதுகாப்பு கட்டாயமாச்சு. அந்தப் பாதுகாப்பு இல்லாத பழைய மானிட்டர், கேபிள் வச்சிருந்தவங்களுக்குப் படமே வரலை. பின்னாடி பழைய ஹுலு முகவரிக்கே திரும்பிட்டாங்க.

#8 ஒப்பந்தக்காரர்

யமனோதே சொன்னதில் தகவல் சரி, முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஜெயித்தது நிப்பான் டிவி. அமெரிக்கர்கள் விட்டுப்போனது வெறும் பெயர்தான்.

உருப்படியான உதாரணம் வேண்டுமென்றால் ஹேயு. என்பிசி யுனிவர்சல் 2016 மார்ச்சில் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்த சின்ன சேவை. ரியாலிட்டி ஷோ மட்டும். அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் அதே நாளில் பெரும்பாலானவை அங்கேயும் வந்துவிடும். டப்பிங் தேவையில்லாத ஊர்களில் ஆரம்பித்தார்கள், விலை குறைவு, பாட்டு உரிமைச் சிக்கல் குறைவு, ஒரு தொடருக்கு எபிசோடு எண்ணிக்கை மலை மாதிரி. வாராவாரம் புதுசு வருவதால் சந்தாக்கணக்கு சொல்லும் விலகல் பிரச்சினையும் தணிகிறது. பத்திரிகைகள் கொண்டாடும் ரகமில்லை, ஆனால் இன்னும் ஓடுகிறது, நாடுகளும் கூடின. அதே கம்பெனியின் பீகாக்கோ பிரிட்டனில் ஸ்கை வாடிக்கையாளர்களுக்கு இலவச இணைப்பாகத்தான் போனது.

#9 கால்பந்துக்_கிறுக்கன்

எல்லாரும் தொடரையே பேசுறீங்க. அமெரிக்காவுல ஆல் ஆக்சஸ் ஓடினதுக்கு முக்கியக் காரணம் லைவ். உங்க ஊர் சிபிஎஸ் ஸ்டேஷன் அப்படியே போன்ல வரும், 2016 கடைசியிலேர்ந்து என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஆட்டமும் வரும். வெளிநாட்டுக்குப் போறப்போ உள்ளூர் ஸ்டேஷனுக்கு அர்த்தமே இல்ல, என்எஃப்எல் உரிமையும் கிடையாது. சரக்குல பாதியை ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போன மாதிரி.

அதைப் புரிஞ்சுகிட்டு ஒழுங்கா செஞ்ச இடம் ஆஸ்திரேலியா. அந்த ஊர் இலவச சேனலான டென் நெட்வொர்க்கையே 2017-ல சிபிஎஸ் வாங்கிருச்சு. 2021 ஆகஸ்ட் 11-ல பாரமவுண்ட் பிளஸ்னு மாத்தி, 9.99 ஆஸ்திரேலிய டாலர் விலையை 8.99 ஆக்கி, உள்ளூர் ஏ-லீக் கால்பந்தை உள்ள கொண்டுவந்தாங்க. இலவச சேனல்ல ஒரு ஆட்டம், மீதி ஆப்புல. இலவச சேனலே விளம்பரப் பலகை.

அடுத்தது பெருசு: 2027-லேர்ந்து 2031 வரைக்கும் பிரிட்டன்லயும் ஜெர்மனிலயும் ஐரோப்பிய கிளப் கால்பந்தான சாம்பியன்ஸ் லீக்ல பெரும்பாலான ஆட்டம் பாரமவுண்ட்கிட்ட. செவ்வாய்க்கிழமை ஆட்டங்கள்ல முதல்ல தேர்ந்தெடுக்கிற ஒண்ணு மட்டும் அமேசானுக்கு. செப்டம்பர்லேர்ந்து மே வரைக்கும் ஆள் விலக மாட்டான். ஜூன்ல என்ன செய்வாங்கங்கிறதுதான் கேள்வி.

#10 மட்டுறுத்துனர்

விபிஎன் போட்டு அமெரிக்கக் கணக்கு திறப்பது பற்றிய ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அது இந்த இழைக்கு உரியதல்ல.

#11 புதுமுகம்_மதுரை

இந்தியாவுக்கு ஏன் தனியா வரலைன்னு யாராவது சொல்லுங்க சார். ஜியோ ஆப்புக்குள்ள வந்ததோட சரி.

#12 சந்தாக்கணக்கு

விலைதான் தம்பி. எச்பிஓ தொடர்கள் 2023 மார்ச் 31-ல் ஹாட்ஸ்டாரை விட்டுப் போய், மே மாதம் ஜியோசினிமாவுக்கு வந்தன. பீகாக் சரக்கும் அதே வருஷம் அங்கேயே வந்தது. அப்போது வருஷத்துக்கு 999 ரூபாய். 2024 ஏப்ரலில் மாதம் 29 ரூபாய் ஆக்கினார்கள். பிரிட்டன் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தனியாக ஆப் போட்டு 29 ரூபாய்க்கு விற்று அமெரிக்க சேனல் எதுவும் பிழைக்காது. உரிமையை மொத்தமாக ஒருவருக்குக் கொடுத்தால் நிச்சயமான தொகை வரும், செலவு இல்லை. பாரமவுண்ட் இன்னொரு படி மேலே போய், ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18-ல் தன்னிடமிருந்த 13.01 சதவீதப் பங்கையே 4,286 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்றுவிட்டது.

இன்னொன்று, பணம் வசூலிப்பது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும், முதல் தடவை வாடிக்கையாளர் தனியாக அனுமதி தர வேண்டும். வெளிநாட்டு கார்டு நிரலை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு மாதாந்திரப் பணம் வராமலே நின்றது. எல்லா நாட்டிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. நெதர்லாந்தில் ஐடீல், பிரேசிலில் பிக்ஸ் என்ற வங்கிவழிப் பணமாற்று முறைகள், மெக்சிகோவில் ஆக்சோ கடையில் ரொக்கம், ஜெர்மனியில் வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தம். கார்டு மட்டும் போதும் என்று நினைத்துப் போனால் வாசலிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

#13 ஒப்பந்தக்காரர்

ஐரோப்பாவில் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஒலி-ஒளி ஊடகச் சட்டப்படி பட்டியலில் 30% ஐரோப்பியப் படைப்பு இருக்க வேண்டும். எண்ணுவது மணிக்கணக்கில் இல்லை, தலைப்புக் கணக்கில். ஒரு சீசன் ஒரு தலைப்பு. 700 அமெரிக்கத் தலைப்பு வைத்திருந்தால் 300 ஐரோப்பியத் தலைப்பு வேண்டும். பிரான்ஸ் 2021-லிருந்து உள்ளூர் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சு மொழிப் படைப்புகளின் தயாரிப்பில் போடச் சொல்கிறது.

தனியாகத் தாங்க முடியாமல்தான், என்பிசிக்கும் ஸ்கைக்கும் உரிமையாளரான காம்காஸ்ட்டும் பாரமவுண்ட்டும் சேர்ந்து ஸ்கைஷோடைம் என்ற சேவையைப் போட்டார்கள். 2022 செப்டம்பர் 20 அன்று நார்டிக் நாடுகளில் அது திறந்தபோது, அங்கே ஏற்கனவே இருந்த பாரமவுண்ட் பிளஸ்ஸை மூடினார்கள். 2023 ஜனவரியில் எச்பிஓ மேக்ஸின் 21 உள்ளூர்த் தொடர்களை மொத்தமாக வாங்கினார்கள். ஒதுக்கீட்டுக்கும் ஆச்சு, உள்ளூர்ப் பெயருக்கும் ஆச்சு. இந்தப் பட்டியலில் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படும் நகர்வு அது ஒன்றுதான்.

ஒரு நாட்டில் நிற்குமா என்று நீங்களே பார்க்க வேண்டுமானால், அந்தச் சேனலின் அதிகம் பார்க்கப்படும் பத்துத் தொடர்கள் அந்த ஊரில் யார் கையில் என்று முதலில் பாருங்கள். ஐந்துக்கு மேல் வேறொருவரிடம் இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். ஐந்துக்குக் கீழ் என்றால், அந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தமாக இலவச சேனல் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவில் டென், பிரிட்டனில் சேனல் 5 இருக்கிறது. ஜெர்மனியில் அந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அதனால் அதே கால்பந்து பிரிட்டனில் எடுபட்டு ஜெர்மனியில் நஷ்டமாகலாம் என்பது என் கணிப்பு.

#14 கால்பந்துக்_கிறுக்கன்

ஜெர்மனில நஷ்டமாகும்னு எழுதி வச்சுக்கிறேன், 2028-ல இந்த இழையைத் தூசி தட்டுவோம்.

பிரேம்ரேட் சாருக்கு ஒரு கேள்வி: தொடர் ஓட்டுற அதே சர்வர்ல இத்தனை பெரிய லைவ் தாங்குமா?

#15 பிரேம்ரேட்

வீடியோவைத் தாங்கும், சிடிஎன் (பல ஊர் சர்வர்களிலிருந்து வீடியோ அனுப்பும் வலையமைப்பு) ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டால் போதும். நொடிக்கு 5 மெகாபிட் ஓட்டத்துக்கு ஒரு ஆளுக்கு மணிக்கு 2.25 ஜிபி, அது முன்கூட்டியே கணக்குப் போடக்கூடிய செலவு.

அடி விழும் இடம் லாகின். தொடர் பார்க்க வருகிறவர்கள் மாலை முழுக்கப் பரவி வருவார்கள். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் தொடங்கும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்னும் பின்னும் மொத்தமாக வந்து விழுவார்கள். கடவுச்சொல் சரிபார்ப்பு, சந்தா உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை, டிஆர்எம் (திருட்டு நகல் தடுப்பு) சாவி, மூன்றும் ஒரே நேரத்தில். முதலில் படுப்பது இதில் ஏதாவது ஒன்றுதான், படம் அல்ல. செய்ய வேண்டியது: முந்தைய நாளே ஆப் திறந்தவருக்கு லாகின் டோக்கனை (மறுபடி கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் சீட்டு) புதுப்பித்து வைப்பது, சந்தா சோதனை பதில் தாமதித்தால் ஆளை வெளியே தள்ளாமல் உள்ளே விட்டுவிட்டுப் பிறகு பார்ப்பது, டிஆர்எம் சாவியின் ஆயுளை ஆட்ட நேரத்தைவிட நீளமாக வைப்பது.

பிறகு தாமதம். 6 நொடித் துண்டுகளாக அனுப்பி, பிளேயர் மூன்று துண்டு சேர்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் அதுவே 18 நொடி. என்கோடிங்கும் சேர்ந்தால் அரை நிமிடத்தை நெருங்கும். சாட்டிலைட்டில் பார்க்கும் பக்கத்து வீடு கோல் என்று கத்திய பிறகு உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கும். 2 நொடித் துண்டாக்கலாம், ஆனால் சர்வருக்கு வரும் கோரிக்கை மூன்று மடங்காகும், பழைய ஸ்மார்ட் டிவிகள் திக்கும். எந்த மாடல் வரை ஆதரவு என்பதை 2026-க்குள் முடிவுசெய்தால்தான் சோதிக்க நேரம் இருக்கும்.